நிலம் விற்ற பணம் யார் கையில்? கமிஷன்காரரா, கட்டணம் வாங்கும் ஆலோசகரா

காவேரிப்பட்டணம் பக்கத்தில் இருந்த ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பைப் பெரியப்பா போன வருடம் கிரயம் பண்ணிக் கொடுத்தார். வங்கிக் கணக்கில் 54 லட்சம் வந்து உட்கார்ந்தது. அவருக்கு 66 வயது, பெரியம்மாவுக்கு 61. பென்ஷன் கிடையாது. மகன் ஓசூரில் வேலை பார்க்கிறார், மகளைப் பாலக்கோட்டில் கொடுத்திருக்கிறது. மீதி வாழ்க்கை முழுக்க இந்தப் பணத்தில்தான் ஓட வேண்டும். நான் கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறவள் என்பதால், "நீயே பார்த்துச் சொல்லு கண்ணு, யாரைக் கேட்கலாம்னு" என்று என்னிடம் விட்டுவிட்டார்.

எந்தத் திட்டம் நல்லது என்பதை நான் முதலில் பார்க்கவில்லை. நமக்கு யோசனை சொல்ல வருகிற ஒவ்வொருவரும் தனக்கு இதில் என்ன கிடைக்கிறது என்பதை எந்த அளவுக்கு வெளியே சொல்லியாக வேண்டும், சட்டம் அவரை எவ்வளவு கட்டுகிறது என்பதைத்தான் பார்த்தேன். நிலம் விற்ற பணமோ, ரிட்டயர்மெண்ட் பணமோ கையில் இருக்கிற வேறு யாருக்காவது பயன்படும் என்று அந்த ஒப்பீட்டை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு இந்தக் கோணம் தோன்றியது மண்டியால்தான். மாங்காயை மண்டியில் போட்டால் பில்லில் எடை, விலை, கமிஷன், இறக்குகூலி எல்லாம் தனித்தனி வரியாக வரும். கமிஷன் வரியில் பத்து ரூபாய் கூடுதலாக இருந்தால் பெரியப்பா அங்கேயே நின்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார். அதே மனிதர் வங்கியில் 5 லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டார், இதில் உங்களுக்கு எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த 5 லட்சத்தின் கதையிலிருந்தே தொடங்குகிறேன். பணம் கணக்கில் ஏறி நான்கு நாளில் வங்கிக் கிளையிலிருந்து போன் வந்தது. பெரியப்பா ஃபிக்சட் டெபாசிட் போடத்தான் போனார். அங்கே இருந்தவர் "இதுவும் எஃப்டி மாதிரிதான் ஐயா, கூடுதலா கிடைக்கும், இன்சூரன்சும் உண்டு" என்று சொல்லி ஒரு ஆயுள் காப்பீட்டுப் பாலிசியில் கையெழுத்து வாங்கிவிட்டார். வருடம் 5 லட்சம் வீதம் ஐந்து வருடம் கட்ட வேண்டிய பாலிசி அது. 66 வயதில், வருமானமே இல்லாதவருக்கு! பாலிசிப் பத்திரம் வந்த பதினோராவது நாள் தற்செயலாக நான் அதைப் பார்த்தேன். பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது, முன்பு 15 நாள்தான், 2024-ல் கூட்டினார்கள். எழுதிக் கொடுத்தோம். முத்திரைச் செலவும் அந்தச் சில நாள் காப்பீட்டுக்கான தொகையும் போக மீதி வந்துவிட்டது. வேண்டாத பாலிசியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று உங்களுக்குத் தோன்றினால் இந்த 30 நாளைத் தவற விட்டுவிடாதீர்கள், அதற்குப் பிறகு வெளியே வருவதற்குக் கொடுக்க வேண்டிய விலையே வேறு.

இப்போது அவரவர் கதைக்கு வருகிறேன்.

வங்கியில் உட்கார்ந்திருக்கிறவரை நாம் எல்லோரும் ஆலோசகர் என்று நினைக்கிறோம். விஷயம் அப்படி இல்லை. மியூச்சுவல் ஃபண்ட் (பலருடைய பணத்தைச் சேர்த்துப் பங்கு, கடன்பத்திரங்களில் போடுவது) விற்கும்போது வங்கி வெறும் விநியோகஸ்தர், இன்சூரன்ஸ் விற்கும்போது நிறுவன ஏஜென்ட். இரண்டிலும் அதற்குக் கமிஷன் உண்டு. நம் கணக்கில் எவ்வளவு பணம் எப்போது வந்தது என்பது அவர்களுக்குத் தெரியும் என்பதுதான் மற்ற எல்லோரையும் விட அவர்களுக்கு இருக்கிற பெரிய வசதி. இன்னொன்று, இன்று நம்மிடம் பேசுகிறவர் ஒன்றிரண்டு வருடத்தில் மாற்றலாகிப் போய்விடுவார், பிறகு கேட்க ஆள் இருக்காது. வங்கி மோசம் என்று நான் சொல்ல வரவில்லை, டெபாசிட் போட, லாக்கர் வைக்க வங்கிதான் வேண்டும். ஆனால் அங்கே ஆலோசனை என்று ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது என்று நம்பிப் போகக் கூடாது.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் எங்கள் வீட்டில் மாமா முறை. இருபது வருடமாக எங்கள் எல்லோருடைய பாலிசியும் அவர் வழியாகத்தான், நல்ல மனிதர், ஒரு சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வந்து க்ளெய்ம் பேப்பரையும் அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். அவரிடம் உங்கள் கமிஷன் எவ்வளவு என்று கேட்க எனக்கே நாக்கு வரவில்லை. ஆனால் விதி என்ன சொல்கிறது என்றால், வாடிக்கையாளர் கேட்டால் ஏஜென்ட் தன் கமிஷன் அளவைச் சொல்லியாக வேண்டும். கேட்டால் மட்டும். அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. 2023 ஏப்ரலுக்கு முன் ஒவ்வொரு வகைப் பாலிசிக்கும் இவ்வளவுதான் கமிஷன் என்று உச்சவரம்பு இருந்தது. இப்போது அது இல்லை, நிறுவனத்தின் மொத்தச் செலவு ஒரு வரம்புக்குள் இருந்தால் போதும், கமிஷனை நிறுவனத்தின் இயக்குநர் குழுவே முடிவு செய்துகொள்ளலாம். அதனால் பழைய சதவீதங்களை மனதில் வைத்துக்கொண்டு நாமாகக் கணக்குப் போட முடியாது, கேட்டுத்தான் ஆக வேண்டும். கடைசியில் கேட்டேன். மாமா கோபித்துக்கொள்ளவில்லை, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒரு தாளில் எழுதிக் காட்டினார். முதல் வருடப் பிரிமியத்தில்தான் பெரிய பங்கு, பிறகு வருடா வருடம் குறைவு. அவர் கொண்டு வந்த திட்டத்தின் பலன் விளக்கத் தாளில் உத்தரவாதமில்லாத பகுதியை 4 சதவீதம், 8 சதவீதம் என்று இரண்டு விதமாகப் போட்டுக் காட்டியிருந்தது, அந்த இரண்டும் வெறும் கணக்குக்கான அனுமானம், யாரும் தருகிற வாக்கு இல்லை. உத்தரவாதமான தொகையை மட்டும் வைத்து நான் போட்டுப் பார்த்தபோது வருடத்துக்கு 5 சதவீதத்தைச் சுற்றித்தான் வந்தது. 66 வயதுக்காரருக்கு அது தேவையில்லை என்று மாமாவும் ஒத்துக்கொண்டார்.

அடுத்து, மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர். கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒருவர் இருக்கிறார், மாதாமாதம் ஃபண்டில் நான் போடுகிற தொகை, அதாவது எஸ்ஐபி, பல வருடமாக அவரிடம்தான். இவர்களுக்கு ஏஆர்என் என்று ஒரு பதிவு எண் உண்டு, தேர்வு எழுதித்தான் அதை வாங்க முடியும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஃபண்ட் வாங்கும்போது நாம் தனியாக ஏதும் கொடுப்பதில்லை, 2009 ஆகஸ்டிலேயே நுழைவுக் கட்டணத்தை, பங்குச் சந்தையையும் ஃபண்டுகளையும் கண்காணிக்கிற அரசு அமைப்பான செபி எடுத்துவிட்டது. 2018 அக்டோபரில் முன்கூட்டியே மொத்தமாகக் கொடுக்கிற கமிஷனையும் நிறுத்தச் சொல்லிவிட்டது. இப்போது இருப்பது டிரெயில் கமிஷன் மட்டும், அதாவது நம் பணம் ஃபண்டில் இருக்கிற வரை வருடா வருடம் அதன் மதிப்பில் ஒரு சிறு பங்கு அவருக்குப் போகும். அது விநியோகஸ்தர் வழியாக வாங்குகிற ரெகுலர் பிளானின் செலவுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். அதே ஃபண்டை நாமே நேரடியாக வாங்குகிற டைரக்ட் பிளானில் அந்தச் செலவு இல்லை, 2013 ஜனவரி முதல் எல்லா ஃபண்டிலும் டைரக்ட் பிளான் இருக்கிறது.

இவர்கள் வெளியே சொல்ல வேண்டியது இன்சூரன்ஸ் ஏஜென்டை விடக் கொஞ்சம் கூடுதல். ஒரு ஃபண்டைப் பரிந்துரைக்கும்போது, அதோடு போட்டியில் இருக்கிற மற்ற ஃபண்டுகளில் தனக்கு என்ன கமிஷன் என்பதையும் சொல்ல வேண்டும் என்று 2009-லிருந்தே விதி. நடைமுறையில் இதைத் தானாக முன்வந்து காட்டியவர்களை நான் பார்த்ததில்லை. ஆனால் நாம் கேட்காமலே நம் கைக்கு வருகிற தகவல் ஒன்று இருக்கிறது, அதுதான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிற ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை. மார்ச், செப்டம்பர் முடிந்ததும் மின்னஞ்சலில் வரும். 2016 அக்டோபரிலிருந்து, அந்த அரை வருடத்தில் உங்கள் முதலீட்டுக்காக விநியோகஸ்தருக்குப் போன கமிஷன் எத்தனை ரூபாய் என்பதை அதில் போட்டே ஆக வேண்டும். சதவீதமாகப் போட்டால் போதாது, ரூபாயாகவே போட வேண்டும். நான் அதை வருடக்கணக்கில் திறந்தே பார்க்காமல் விட்டிருந்தேன். பார்த்தபோது என் கணக்கில் ஆறு மாதத்துக்கு 3,100 ரூபாய் சொச்சம். மண்டி பில்லில் இருக்கிற கமிஷன் வரி இதுதான், கொஞ்சம் தாமதமாக வருகிறது, அவ்வளவுதான். அந்த 3,100 எனக்கு உறுத்தவில்லை. 2020 மார்ச்சில் சந்தை விழுந்தபோது எல்லாவற்றையும் விற்றுவிடலாம் என்று ஓடிய என்னை உட்கார வைத்துப் பேசியவர் அவர்தான்.

ஆனால் பெரியப்பாவின் பணத்துக்கு அவர் சொன்ன யோசனை 40 லட்சத்தை மூன்று ஃபண்டில் போடலாம் என்பது. டிரெயில் 0.8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வருடம் 32,000 ரூபாய், பணம் வளரவே இல்லை என்றாலும் பத்து வருடத்தில் 3 லட்சத்து 20 ஆயிரம், வளர்ந்தால் அதுவும் கூடவே வளரும். அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவரிடம் விற்க இருப்பது ஃபண்ட், அதனால் பதிலும் ஃபண்டாகவே இருந்தது.

நான்காவதுதான் எங்களுக்குப் புதிது, செபியில் பதிவு செய்த முதலீட்டு ஆலோசகர். 2013-ல் வந்த முதலீட்டு ஆலோசகர் ஒழுங்குமுறை விதிகளின்படி பதிவு செய்தவர்கள், பதிவு எண் ஐஎன்ஏ என்று தொடங்கும். நாடு முழுக்க ஆயிரத்தைச் சுற்றித்தான் இருப்பார்கள், அதனால் தர்மபுரி, கிருஷ்ணகிரியில் தெருவுக்கு ஒருவர் என்று எதிர்பார்க்க முடியாது. எங்களுக்குக் கிடைத்தவர் பெங்களூரில் இருக்கிற, தமிழ் பேசுகிற ஒருவர், எல்லாம் வீடியோ காலில்தான். "முதலீட்டு ஆலோசகர்" என்று போர்டு வைத்திருப்பவர் எல்லோரும் இவர்கள் இல்லை. விநியோகஸ்தர்கள் தங்களைச் சுதந்திர நிதி ஆலோசகர், வெல்த் அட்வைசர் என்றெல்லாம் அழைத்துக்கொள்ளக் கூடாது என்று 2020-லேயே செபி தடை போட்டும் நம் ஊர் போர்டுகளில் பலது மாறவில்லை. செபி இணையதளத்தில் பதிவு பெற்றவர்கள் பட்டியல் இருக்கிறது, பெயரையும் எண்ணையும் அங்கே ஒத்துப் பார்த்த பிறகுதான் பேச்சையே தொடங்க வேண்டும்.

இவர் கமிஷன் வாங்கக் கூடாது, வருமானம் நாம் கொடுக்கிற கட்டணம் மட்டும்தான். அந்தக் கட்டணத்துக்கும் வரம்பு உண்டு. நிலையான கட்டணம் என்றால் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு அதிகபட்சம் 1,51,000 ரூபாய், 2025 தொடக்கம் வரை 1,25,000 ஆக இருந்தது. நம் சொத்து மதிப்பில் சதவீதமாக வாங்கினால் வருடத்துக்கு 2.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இதில் பலர் கவனிக்காத ஒரு இடம் இருக்கிறது. கட்டணம் என்றாலே மலிவு, கமிஷன் என்றாலே கொள்ளை என்று நினைத்துவிடக் கூடாது. 40 லட்சத்துக்கு 2.5 சதவீதம் என்றால் வருடம் ஒரு லட்சம் ரூபாய், அது நான் மேலே சொன்ன டிரெயில் கமிஷனைப் போல மூன்று மடங்கு. ஆகவே ஆலோசகரிடம் போனாலும் சதவீதமா, நிலையான தொகையா என்று கேட்டு, வருடத்துக்கு எத்தனை ரூபாய் என்று மாற்றி எழுதிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

எங்களிடம் அவர் ஒருமுறைத் திட்டத்துக்குக் கேட்டது 20,000, ஜிஎஸ்டி சேர்த்து 23,600. பெரியப்பா முதலில் அதிர்ந்துதான் போனார். "வாய்ப் பேச்சுக்கு இவ்வளவா?" என்றார். வங்கியில் யாரும் கேட்காமல் எடுத்துக்கொண்டிருக்கக்கூடிய தொகை கண்ணுக்குத் தெரியாது, இது கையால் எடுத்துக் கொடுப்பது, அதனால்தான் வலிக்கிறது. இந்த வலி ஒன்றினாலேயே பலர் இந்தப் பக்கம் வருவதில்லை என்று நினைக்கிறேன்.

அவர் சொல்லியாக வேண்டியவை என்று விதியில் இருக்கிற பட்டியல் நீளம். தன் தொழில், இதுவரை தன் மீது ஏதாவது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டிருக்கிறதா, வேறு எந்த நிதி நிறுவனத்தோடு தொடர்பு இருக்கிறது, தான் பரிந்துரைக்கிற முதலீடு தன்னிடமும் இருக்கிறதா, தன் நலனும் நம் நலனும் மோதுகிற இடம் ஏதாவது உண்டா, பரிந்துரைக்கிற திட்டத்தின் ரிஸ்க் என்ன, இவ்வளவையும் சொல்ல வேண்டும். 2024 டிசம்பர் திருத்தத்தில் இன்னொன்றும் சேர்ந்தது, செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை ஆலோசனைக்கு எந்த அளவு பயன்படுத்துகிறார் என்பதையும் சொல்ல வேண்டும். இவர் எங்களுக்கு அனுப்பிய தாளில் தன் மனைவிக்கு மியூச்சுவல் ஃபண்ட் ஏஆர்என் இருக்கிறது என்று எழுதியிருந்தார். நான் போனில் அதைக் கேட்டதும், "அதனால்தான்மா எழுதியிருக்கேன், என்கிட்ட ஆலோசனை வாங்குற வீட்டுக்கு அவங்க எதுவும் விற்கக் கூடாது, விதி விடாது" என்றார். பரிந்துரைக்கப் போகிற ஃபண்டுகளில் இரண்டு தன்னிடமும் இருப்பதாகச் சொன்னார். இருபது வருடத்தில் எங்கள் வீட்டுப் பணத்தைப் பற்றிப் பேச வந்த யாரும், நாங்கள் கேட்பதற்கு முன்பே இப்படித் தன் பக்கத்தை எடுத்து வைத்துப் பார்த்ததில்லை. எனக்கு நம்பிக்கை வந்தது அங்கேதான்.

ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் கட்டணம் வாங்கக் கூடாது. ரொக்கமாக வாங்கவே கூடாது, காசோலையோ, வங்கிப் பரிமாற்றமோ, யுபிஐயோதான். ஒரு வருடத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. நம் பெயரில் பவர் எழுதி வாங்கக் கூடாது, நம் சம்மதம் இல்லாமல் எதையும் வாங்கவோ விற்கவோ கூடாது, இவ்வளவு வருமானம் நிச்சயம் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. ஆலோசனையை அவர் வழியாகவே நிறைவேற்ற வேண்டும் என்று நம்மைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. அவருக்கும் விநியோகஸ்தருக்கும் இருக்கிற அடிப்படை வித்தியாசம், விதிப்படி இவர் நம் நலனைத் தன் நலனுக்கு முன் வைக்கக் கடமைப்பட்டவர். அந்தக் கடமை மற்ற மூவருக்கும் இந்த அளவில் எழுதப்படவில்லை.

சரி, இது வரை அவர்கள் நமக்குச் சொல்ல வேண்டியது. நாம் அவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. எங்கள் வீட்டில் நிஜமான சிக்கல் அங்கேதான் வந்தது.

ஆலோசகர் யோசனை சொல்வதற்கு முன் நம்மைப் பற்றி எடுக்க வேண்டிய விவரங்கள் விதியிலேயே இருக்கின்றன. வயது, எதற்காக முதலீடு, எத்தனை வருடத்துக்கு, வருமானம், இருக்கிற சொத்து, எவ்வளவு நஷ்டத்தைத் தாங்க முடியும், கடன் எவ்வளவு. பான் கார்டு, அடையாளம், முகவரி சரிபார்க்கிற கேஒய்சி எல்லாம் இதற்கு மேல். அந்தப் படிவத்தில் கடன் என்ற இடத்தில் பெரியப்பா "இல்லை" என்று எழுதச் சொன்னார். நான் எழுதிவிட்டேன். மறுநாள் ராத்திரி பெரியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பாலக்கோட்டுக் கல்யாணத்துக்கு வாங்கிய கைமாற்று 3 லட்சம் இன்னும் நிற்கிறது, என் நகை 4 லட்சத்துக்கு அடகில் இருக்கிறது என்று சொன்னார். பெரியப்பாவுக்கு அது கௌரவப் பிரச்சினை. ஊர் பேர் தெரியாத ஒருவரிடம் கடன்காரன் என்று எழுதிக் கொடுப்பதா என்பதுதான் அவர் மனதில்.

இதை நான் லேசாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது, ஏனென்றால் நம் பக்கத்தில் முக்கால்வாசி வீட்டில் நிலைமை இதுதான். கைமாற்றுக்கு மாதம் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி, அதாவது வருடத்துக்கு 24 சதவீதம். அந்தக் கடனை மறைத்துவிட்டு 10, 12 சதவீதம் தரக்கூடிய ஃபண்டைப் பற்றி எவ்வளவு நல்ல ஆலோசகரிடம் கேட்டாலும் பதில் தப்பாகத்தான் வரும், தப்பு அவருடையதாக இருக்காது. நமக்குப் பொருத்தமான யோசனையா என்று பார்ப்பது அவர் கடமை, ஆனால் நாம் கொடுத்த விவரத்தை வைத்துத்தான் அவர் பார்க்க முடியும். நாளைக்கு ஒரு தகராறு வந்து புகார் கொடுத்தால், நாம் கையெழுத்துப் போட்ட படிவத்தைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள், அந்தப் பதிவுகளை அவர் ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். இன்னொரு பக்கம், சட்டம் கேட்டால் தவிர நம் விவரத்தை அவர் வெளியே சொல்லக் கூடாது. இதை நான் பெரியப்பாவுக்கு விளக்கிச் சொல்ல இரண்டு நாள் ஆனது. டாக்டரிடம் சுகர் இல்லை என்று சொல்லிவிட்டு மாத்திரை வாங்குவீர்களா என்று கேட்டேன், அதற்குப் பிறகுதான் படிவத்தைத் திருப்பி வாங்கி அவர் கையாலேயே திருத்தினார்.

எதைக் கொடுக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓடிபி, நெட்பேங்கிங் பாஸ்வேர்டு, கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை, வெற்றுப் படிவம் இதில் எதையும் இந்த நான்கு பேரில் யாரும் கேட்கத் தேவையில்லை. கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

படிவம் திருத்திப் போன பிறகு ஆலோசகர் கேட்ட முதல் கேள்வி எனக்கே தோன்றாதது. தோப்பு ஊர் எல்லையிலிருந்து எத்தனை கிலோமீட்டர்? விவசாய நிலத்தை விற்றால் வரி இல்லை என்று எல்லோரும் சொல்வதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. மக்கள்தொகை 10,000-ஐத் தாண்டிய நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள்ளோ, அதிலிருந்து 2 கிலோமீட்டருக்குள்ளோ இருந்தால் மூலதன ஆதாய வரி வரும். ஒரு லட்சத்தைத் தாண்டிய ஊர் என்றால், ஓசூர் மாதிரி, 6 கிலோமீட்டர். அதுவும் ரோட்டு வழி அளவு இல்லை, நேர்கோட்டு அளவு. எங்கள் தோப்பு 5 கிலோமீட்டர் தள்ளி, தப்பித்தோம். வங்கியிலோ, மாமாவிடமோ, ரவுண்டானா பக்கத்திலோ இந்தக் கேள்வி வரவே இல்லை. வரி வந்திருந்தால் பிரித்துப் போட்ட பணத்தை அவசரமாக உடைக்க வேண்டியிருந்திருக்கும்.

அவர் கொடுத்த திட்டம் இதுதான். 7 லட்சத்தில் கைமாற்றையும் நகைக்கடனையும் முதலில் அடைப்பது. 30 லட்சம் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில். 5 லட்சம் இரண்டு வங்கிகளில் பாதிப் பாதியாக எஃப்டி, ஆஸ்பத்திரிச் செலவுக்கு. மீதி 12 லட்சம் மட்டும் மியூச்சுவல் ஃபண்டில், அதுவும் மெதுவாகப் பிரித்து, டைரக்ட் பிளானில்.

அந்த 30 லட்சத்தைப் பாருங்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் உச்சவரம்பு 2023 ஏப்ரலில் 15 லட்சத்திலிருந்து 30 லட்சமானது, வட்டியும் அப்போது 8.2 சதவீதமானது, நாங்கள் போட்டபோதும் அதே வட்டிதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் கணக்கில் வந்துவிடும். காவேரிப்பட்டணம் தபால் ஆபீசிலேயே திறக்கலாம், அந்த வங்கியிலேயே கூடத் திறக்கலாம். ஆனால் இரண்டு வாரமாக வீட்டுக்கு வந்துபோன ஒருவர் வாயிலிருந்தும் இதன் பெயர் வரவில்லை. இந்தத் திட்டத்துக்கு ஏஜென்ட் கமிஷனை அரசு 2011-லேயே எடுத்துவிட்டது. சொல்வதால் யாருக்கும் ஒரு ரூபாய் கிடைக்காத ஒன்றை, கட்டணம் வாங்கியவர் மட்டும்தான் சொன்னார். கமிஷனை ஏன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று என்னைக் கேட்டால் நான் சொல்வது இந்த 30 லட்சத்தைத்தான்.

அப்படியானால் எல்லோரும் ஆலோசகரிடமே போக வேண்டுமா? இல்லை. மாதம் 3,000 எஸ்ஐபி போடுகிற, மொத்தமே 2, 3 லட்சம் சேர்த்திருக்கிற ஒருவருக்கு 20,000 கட்டணம் என்பது கண்மூடித்தனம், அந்த அளவில் விநியோகஸ்தருக்குப் போகிற 2,000 ரூபாய் மிக நியாயமானது. 2.5 லட்சத்துக்கு 0.8 சதவீதம் அதுதானே. போனில் எதையும் செய்யத் தெரியாத, பக்கத்தில் பிள்ளைகள் இல்லாத பெரியவர்களுக்கும் கூப்பிட்ட உடனே வருகிற உள்ளூர்க்காரர் வேண்டும். நாமினி மாற்றுவது, இறந்த பிறகு பணத்தை மாற்றித் தருவது எல்லாம் வீடியோ காலில் நடக்கிற காரியம் இல்லை. எங்கள் விஷயத்திலேயே, டைரக்ட் பிளான் வேலையெல்லாம் நான் செய்வதால்தான் கட்டுப்படியாகிறது. நான் இல்லை என்றால் அந்த 12 லட்சத்தை ரவுண்டானா விநியோகஸ்தரிடமே ரெகுலர் பிளானில் போடச் சொல்லியிருப்பேன், வருடம் 9,600 அவருக்குப் போகட்டும், உழைப்புக்குக் கூலி. திட்டம் போட ஒருவர், நிறைவேற்ற வேறொருவர் என்று பிரித்துக்கொள்வதில் தவறே இல்லை. ஒரே ஆள் அல்லது ஒரே குடும்பம் இரண்டையும் ஒரே வாடிக்கையாளருக்குச் செய்வதைத்தான் விதி தடுக்கிறது.

ஆனால் தொகை பெரியது, ஒரே தடவையில் வந்தது, திரும்பச் சம்பாதிக்க வயதில்லை, கடனும் வரியும் பங்காளி விவகாரமும் பின்னிக் கிடக்கிறது என்றால், என் மனதில் சந்தேகமே இல்லை, நிலையான கட்டணம் வாங்குகிற பதிவு பெற்ற ஆலோசகர்தான். சிப்காட்டுக்கு நிலம் கொடுத்து இழப்பீடு வாங்கியவர்கள், ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், கணவர் இறந்து இன்சூரன்ஸ் பணம் வந்த பெண்கள், இவர்கள் எல்லோரும் அந்த வகை.

ஐந்தாவதாக ஒரு வழியை என் சித்தப்பா மகன் சொன்னான், ஏதோ டெலிகிராம் குழு, மாதம் 5,000 கட்டினால் பங்கு டிப்ஸ் வருமாம். பதிவு எண் கேட்டோம், இல்லை. அத்தோடு முடிந்தது. பதிவு இல்லாதவர் வெளியே சொல்ல வேண்டியது என்று எந்தப் பட்டியலும் கிடையாது, பணம் போனால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் கொடுத்தும் பெரிதாகப் பயன் இருக்காது. பதிவு பெற்றவர் மீது அதே தளத்தில் புகார் போனால் 21 நாளுக்குள் அவர் பதில் நடவடிக்கை எடுத்தாக வேண்டும்.

இப்போதைக்குக் கடன் அடைந்துவிட்டது, பெரியம்மாவின் நகை வீட்டுக்கு வந்துவிட்டது. முதல் 61,500 வந்த அன்று பெரியப்பா பாஸ்புக்கைக் கொண்டுவந்து காட்டினார், பிறகு ஒப்பந்தத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அடுத்த வருடம் மறுபரிசீலனைக்கு அந்தப் பெங்களூர்க்காரர் கேட்கிற 8,000 அவசியமா என்று கேட்டார். 12 லட்சத்துக்கு மட்டும் என்றால் எனக்கும் அது உறுதியாகத் தெரியவில்லை. தேவைப்பட்டால் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்க அவர் ஒத்துக்கொள்வாரா என்று எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் வந்ததும் மாமாவையும் வைத்துக்கொண்டு முடிவு செய்வதாக இருக்கிறோம்.